சின்ன ஸ்டீரியோ செற்றுக்கு மாற்று ஸ்பீக்கர்: திருகோணமலையில் தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செற் நன்றாக ஓடுகிறது, ஸ்பீக்கர் மட்டும் போய்விட்டது. திருமலையில் இப்படியான வீடுகள் நிறைய. சீடி, ரேடியோ, யூஎஸ்பி எல்லாம் ஒன்றாக உள்ள சின்ன ஹைஃபை செற், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் யாராவது கொண்டு வந்ததாக இருக்கும். நம்முடைய உப்புக்காற்று முதலில் ஸ்பீக்கரைத்தான் தின்னும். உள்ளே இருந்து ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் அம்ப் இன்னும் பல வருடம் தாங்கும். கடைக்குப் போனால் "செற்றை விடுங்கோ, ஒரு புளூடூத் பெட்டி வாங்குங்கோ" என்பதுதான் முதல் பதில். அதைக் கேட்டுவிட்டு நல்ல செற்றைத் தூக்கிப் போட வேண்டாம்.

எங்கள் வீட்டுச் செற்றுக்கு ஸ்பீக்கர் தேடி அலைந்தபோது ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விளக்கம் கிடைத்தது. ஒருவர் வாட்ஸ் கணக்குச் சொன்னார், ஒருவர் கார் ஸ்பீக்கர் போடலாம் என்றார். செற்றின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை அதிகம். அதிலிருந்தே தொடங்குவோம்.

1. பழுது ஸ்பீக்கரில்தானா என்று பாருங்கள்

செற்றை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிட்டு, இடது ஸ்பீக்கரை வலப்பக்கத்திலும் வலதை இடப்பக்கத்திலும் மாற்றி மாட்டுங்கள். பிறகு மெதுவான சத்தத்தில் பாட்டுப் போடுங்கள். கரகரப்பு ஸ்பீக்கரோடு சேர்ந்து மறுபக்கம் போனால் பழுது ஸ்பீக்கரில். அதே பக்கத்திலேயே நின்றால் பழுது செற்றில். அப்படியானால் புது ஸ்பீக்கர் வாங்கிப் பயனில்லை, செற்றைத் திருத்துபவரிடம் கொண்டு போங்கள்.

மல்டிமீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் தெரிந்த மின்வேலைக்காரர் ஒருவரிடம் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ளலாம். மீற்றரை மிகக் குறைந்த ஓம் (மின்தடையின் அலகு) அளவில் வைத்து, செற்றிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் வயரின் இரண்டு நுனியிலும் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 முதல் 7 வரை காட்டும், 6 ஓம் ஸ்பீக்கர் 5 அளவில், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை. எழுதியிருப்பதைவிடக் குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், மீற்றர் அளப்பது வேறு கணக்கு. எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது, அல்லது வயர் எங்கேயோ விட்டிருக்கிறது. இந்தச் சோதனையில் தாழ்ந்த சத்தம் தரும் பெரிய வூஃபர் மட்டுமே தெரியும். மேலே இருக்கும், கீச்சுச் சத்தம் தரும் சின்ன ட்வீட்டருக்கு முன்னால் மீற்றரின் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு கப்பாசிட்டர் இருப்பதால் மீற்றருக்கு அது அகப்படாது. அதைக் காதை அருகில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

முன் வலையைக் கழற்றி வூஃபரின் விளிம்பையும் பாருங்கள். அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பான கோனைச் சுற்றி வளையமாக இருக்கும் ஃபோம், தொட்டால் பிசுபிசுத்து மாவாக உதிர்கிறதா? அப்படியென்றால் ஸ்பீக்கர் முழுதாகச் சாகவில்லை. ஆறாவது படியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

2. கையில் எடுத்துப் போக வேண்டியவை

இதைச் சேர்க்க அரை மணித்தியாலம் போதும். இல்லாமல் போனால் இரண்டாம் முறையும் போக வேண்டி வரும்.

செற்றின் பின்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுங்கள். மொடல் இலக்கம், எத்தனை வோல்ட் என்ற வரி, ஸ்பீக்கர் மாட்டும் இடத்தில் எழுதியிருக்கும் ஓம் அளவு ஆகிய மூன்றும் படத்தில் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய ஸ்பீக்கரின் பின்பக்க ஸ்டிக்கரையும் எடுங்கள். ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தால், மொடல் இலக்கத்தை இணையத்தில் தேடினால் பாவனைக் கையேடு பெரும்பாலும் கிடைக்கும். அதன் கடைசிப் பக்கங்களில் ஸ்பீக்கரின் ஓம், வாட்ஸ், அளவு எல்லாம் இருக்கும். அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் வைக்கப் போகும் இடத்தின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். ஆழத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்பக்கம் துளை உள்ள பெட்டியாக இருந்தால் அதற்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடமாவது வேண்டும்.

3. ஓம் கணக்கு: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

செற்றின் பின்னால் 6 ஓம் என்று இருந்தால், அந்த அம்ப் தாங்கக்கூடிய மிகக் குறைந்த அளவு அது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவோ அதற்கு மேலோ உள்ள ஸ்பீக்கர் பாதுகாப்பானது. அதைவிடக் குறைந்த ஓம் ஆபத்து.

6 ஓம் செற்றுக்கு 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் சக்தி முன்பிருந்ததில் முக்கால் பங்காகும். கேட்கும்போது அந்த வித்தியாசம் அநேகமாகத் தெரியாது, சத்தக் குமிழைக் கொஞ்சம் கூட்டினால் சரி. அதே செற்றுக்கு 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் அம்ப் ஒன்றரை மடங்கு மின்னோட்டம் கொடுக்க வேண்டி வரும். மெதுவாகக் கேட்கும்வரை ஒன்றும் நடக்காது. கலியாண வீட்டில், பிறந்தநாளில் சத்தத்தைக் கூட்டும் நேரத்தில்தான் சூடேறி நின்றுவிடும். பாதுகாப்பு அமைப்பு உள்ள செற் தானாக நின்று தப்பும். இல்லாத செற் எரியும்.

கார் ஸ்பீக்கரில் உள்ள சிக்கலும் இதுதான். அவை பெரும்பாலும் 4 ஓம். மலிவாக, பளபளப்பாகக் கிடைக்கும், கடைக்காரரும் நல்ல மனதோடுதான் எடுத்துத் தருவார். உங்கள் செற் 4 ஓம் என்று சொன்னால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் அதற்கென்று ஒரு பெட்டி செய்ய வேண்டும், வெறுமனே வைத்தால் பேஸ் (தாழ்ந்த சத்தம்) வராது.

3 ஓம் என்று எழுதிய சின்னச் செற்றுகளும் உண்டு. அதே 3 ஓமில் தனி ஸ்பீக்கர் கடைகளில் கிடைப்பது கடினம். தேடி அலைய வேண்டாம், 4 அல்லது 6 ஓம் வாங்குங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், செற்றுக்கு ஒரு கேடும் இல்லை.

ஒரே பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர் மாட்ட ஆசைப்படுபவர்களுக்கு: இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைச் சமாந்தரமாக, அதாவது சிவப்போடு சிவப்பும் கறுப்போடு கறுப்பும் சேர்த்து இணைத்தால் செற்றுக்கு அது 4 ஓமாகத் தெரியும். ஹோலுக்கு ஒன்று, விறாந்தைக்கு ஒன்று என்று வயர் இழுத்துப் பழுதான செற்றுகள் எத்தனையோ.

4. மாட்டும் இடத்தைப் பாருங்கள்

அழுத்தினால் திறக்கும் சிவப்பு, கறுப்பு கிளிப் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எந்த ஸ்பீக்கர் வயரையும் உரித்துச் செருகலாம்.

சில செற்றுகளில் அந்தக் கொம்பனிக்கே உரிய நிறப் பிளக் இருக்கும். அது தனியாகக் கடையில் கிடைக்காது. அதனால்தான் சொல்கிறேன், பழைய ஸ்பீக்கரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். பிளக்கோடு ஒரு சாண் நீளத்துக்கு வயரை வெட்டி வைத்துக்கொண்டால் புது வயரை அதோடு இணைக்கலாம். வெட்டுவதற்கு முன்பே எந்த வயர் சிவப்பு முனைக்குப் போகிறது என்று ஒட்டுத்தாள் ஒட்டி எழுதிவிடுங்கள். இணைப்பைச் சும்மா முறுக்கி விடாமல் ஈயம் வைத்து ஒட்டி மூடுங்கள். கடற்கரைக் காற்றில் வெறும் முறுக்கு சீக்கிரம் கறுத்துவிடும்.

இனி வருவதுதான் பலரைக் குழப்புவது. ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு வயருக்குப் பதிலாக நான்கு வயர் போகிறதா? அப்படியானால் உங்கள் செற் உள்ளேயே பேஸையும் ட்ரெபிளையும் பிரித்து, தனித்தனி அம்ப் வழியாக அனுப்பக்கூடும். சாதாரண ஸ்பீக்கரை அதில் ஒரு சோடியில் மட்டும் மாட்டினால் பேஸ் மட்டும் வரும், அல்லது கீச்சென்ற சத்தம் மட்டும் வரும். நான்கையும் ஒன்றாக முறுக்கிச் செருகினால் அம்ப் போய்விடும். இந்த வகைச் செற்றுக்குப் பின்னால் நான்கு முனை உள்ள ஸ்பீக்கர் வேண்டும், அதில் முனைகளை இணைத்திருக்கும் உலோகத் தகட்டைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் பழைய பெட்டியையே திருத்துவதுதான் வழி.

இன்னொன்று: வலது, இடது கறுப்பு முனைகளை ஒன்றாக இணைக்கவே கூடாது. இன்றைய சின்னச் செற்றுகள் பலவற்றில் கறுப்பு முனையிலும் மின்சாரம் வருகிறது.

5. வாட்ஸ்

பெட்டியில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று பெரிய எழுத்தில் இருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம். அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் சக்தி) என்று சின்ன எழுத்தில் இருப்பதைக் கேளுங்கள். சின்னச் செற் ஒன்று ஒரு பக்கத்துக்கு 10 முதல் 50 வாட்ஸ் வரை கொடுக்கும். ஸ்பீக்கர் அதே அளவோ கொஞ்சம் கூடவோ தாங்கினால் போதும்.

வாட்ஸைவிடக் கவனிக்க வேண்டியது டெசிபல் அளவு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்வது அது. 84 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கும் இடையில் உள்ள 6 டெசிபல் என்பது அம்ப் சக்தியில் நான்கு மடங்கு. உங்கள் 20 வாட்ஸ் செற், 90 டெசிபல் ஸ்பீக்கரில் தாராளமாகப் பாடும், 84 டெசிபலில் மூச்சு வாங்கும். சின்னச் செற்றுக்கு 87க்கு மேல் தேடுங்கள். விலை உயர்ந்த, கனமான ஸ்பீக்கர் சிலவற்றில் இந்த அளவு குறைவாக இருக்கும், அவை பெரிய அம்ப்புக்கானவை.

சக்தி போதாத செற்றைக் குமிழின் உச்சத்துக்குத் திருகினால் சத்தம் உடைந்து, முதலில் ட்வீட்டர்தான் எரியும். அப்படி எரிந்த பிறகு மீண்டும் பெரிய வாட்ஸ் ஸ்பீக்கர் தேடுவது வீண் செலவு.

6. பழையதைத் திருத்தலாமா?

விளிம்பு ஃபோம் மட்டும் உதிர்ந்து, கோனும் சுருளும் நன்றாக இருந்தால், என் கருத்தில் இதுதான் முதலில் முயல வேண்டியது. செலவும் குறைவு, செற்றுக்குப் பொருந்துமா என்ற கேள்வியும் இல்லை. ஸ்பீக்கர் திருத்துபவர்கள் விளிம்பு வளையத்தைத் தனியாக வாங்கி ஒட்டித் தருவார்கள். வளையம் ஃபோமிலும் இருக்கிறது, இறப்பரிலும் இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளி, திருக்கடலூர் போலக் கடலை ஒட்டிய வீடென்றால் இறப்பரையே கேளுங்கள். ஃபோம் ஈரத்தில் தானாகச் சிதையும், பாட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

கொடுக்கும்போது இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் இரண்டு குரலில் பாடும். பசை காய ஒரு நாள் விட வேண்டும், அவசரப்படுத்தாதீர்கள். திரும்ப வாங்கும்போது கோனின் மையத்தைச் சுற்றி நான்கு விரலை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் வளையம் கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

சுருள் அறுந்திருந்தால் வூஃபரை மட்டும் மாற்றலாம். விட்டத்தோடு ஆணித் துளைகளின் இடைவெளியையும் பின்பக்க ஆழத்தையும் அளந்து கொண்டு போக வேண்டும், ஓமும் அதேயாக இருக்க வேண்டும்.

பெட்டியே ஊறிப் பொருமியிருந்தால் திருத்துவதில் அர்த்தமில்லை.

7. எங்கே, எப்போது, எவ்வளவு

முதலில் ஊரிலேயே கேளுங்கள். மத்திய வீதி, என்.சி. வீதிப் பக்கம் உள்ள இலத்திரனியல் கடைகளில் புதிதாக இருப்பது பெரும்பாலும் புளூடூத் பெட்டியும் கார் ஸ்பீக்கரும்தான். தனி ஸ்பீக்கர் சோடி இருந்தால் அதிர்ஷ்டம். அதைவிட, பழைய செற் திருத்துபவர்களிடம் கழற்றி வைத்த ஸ்பீக்கர் சோடி இருக்கிறதா என்று கேட்பது பலன் தரும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பல கடைகள் பூட்டியிருக்கும், போயா தினத்திலும் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊரில் கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டை. முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிறு போனால் பாதிக் கடை திறந்திருக்காது. இரவு பஸ்ஸில் ஏறினால் காலையில் இறங்கிக் கடை திறக்கும்வரை காத்திருந்து, மதியத்துக்குள் முடித்துத் திரும்பலாம். ஸ்பீக்கருக்காக மட்டும் போவதென்றால் பயணச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள், பல நேரம் கூரியரில் வரவழைப்பதே மலிவு. திரும்பும்போது பஸ்ஸின் கீழ்ப் பெட்டியில் போடாமல் மடியிலோ காலடியிலோ வைத்திருங்கள். இரண்டு பெட்டியையும் முகத்துக்கு முகம் வைத்து, நடுவே மட்டை கொடுத்துக் கட்டினால் கோன் குத்துப்படாது.

பாவித்த பொருளுக்கு இக்மன் போன்ற தளங்களில் விளம்பரம் வரும். ஓமையும் பின்பக்கப் படத்தையும் கேட்டு வாங்கிய பிறகே பேசுங்கள். நேரில் கேட்டுப் பார்க்காமல் முற்பணம் அனுப்ப வேண்டாம்.

ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் செற்றை ஸ்பீக்கரோடு சேர்த்து வாங்கச் சொல்வார்கள். ஸ்பீக்கர் அருமையாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தச் செற் 100 வோல்ட்டுக்கானது. நமது 230 வோல்ட்டில் நேரே மாட்டினால் அந்த நொடியே போய்விடும். அதற்கு வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் தனியாக வாங்க வேண்டும். எஃப்.எம். வரிசையும் வேறு: ஜப்பான் ரேடியோ 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 90 அல்லது 95இல் முடியும், நமது நிலையங்கள் 88 முதல் 108 வரை. பாதிக்கு மேல் பிடிக்காது. ஸ்பீக்கரை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள், ஸ்பீக்கருக்கு வோல்ட் கணக்கு இல்லை.

செலவை ஒழுங்குபடுத்தினால், விளிம்பு ஒட்டுவது மிகக் குறைவு, அடுத்து வூஃபர் மாற்றுவது, அடுத்து பாவித்த சோடி, கடைசியில் புதுச் சோடி. புதுச் சோடியின் விலை, செற் இப்போது விலை போகும் தொகையைத் தாண்டினால் நிறுத்தி யோசியுங்கள். வயருக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு மீற்றருக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் தாராளம், தடித்த விலை கூடிய வயர் சின்னச் செற்றுக்குத் தேவையில்லை. தேவையான நீளத்தைவிட ஒரு முழம் கூடுதலாக வாங்குங்கள்.

8. கடையில் கேட்டுப் பார்ப்பது

உங்கள் பாட்டுகளை ஒரு யூஎஸ்பியில் கொண்டு போங்கள். கடைக்காரர் போடும் பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் கேட்கும். நாதஸ்வரமும் தவிலும் உள்ள ஒரு பதிவு, ஒரு பெண் குரல், வெறும் பேச்சு உள்ள ஒன்று, இவை போதும். நாதஸ்வரம் காதைக் குத்தினால் ட்வீட்டர் சரியில்லை. தவிலின் அடி தனித்தனியாகக் கேட்காமல் "பொம்" என்று இழுத்தால் பெட்டி சரியில்லை. பேச்சு மூக்கால் பேசுவதுபோல் இருந்தால் வாங்காதீர்கள். நாள் முழுக்க ரேடியோ ஓடும் வீட்டில் அதைத்தான் அதிகம் கேட்கப் போகிறீர்கள்.

பேஸ் கூட்டும் பொத்தானை நிறுத்தச் சொல்லிவிட்டே கேளுங்கள். பிறகு வலையைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள், இறப்பரா ஃபோமா என்று. பின்னால் தனியாக மின்சார வயர் தொங்கினால் அது உள்ளேயே அம்ப் உள்ள ஸ்பீக்கர். கணினிக்கு விற்பது அது, உங்கள் செற்றின் ஸ்பீக்கர் முனையில் மாட்ட முடியாது.

9. பற்றுச்சீட்டும் வொரண்டியும்

பற்றுச்சீட்டில் "ஸ்பீக்கர் 1 சோடி" என்று எழுதினால் போதாது. மொடல் இலக்கமும் ஓம் அளவும் திகதியும் இருக்க வேண்டும். வொரண்டி அட்டை தந்தால் கடை முத்திரையும் தொடர் இலக்கமும் உள்ளனவா என்று அங்கேயே பாருங்கள். பாவித்த பொருளென்றால், எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது விற்பவரின் சட்டக் கடமை. பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், ஆனால் கையில் அந்தத் துண்டு இல்லாமல் பேசுவது கடினம். வெயிலில் மை மங்கிப் போகும் தாள் என்றால் அன்றே படம் எடுத்து வையுங்கள்.

10. வீட்டில் மாட்டுவது

பிளக்கைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. உரித்த செம்பு இழை ஒன்றுகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது. முனை அடையாளம் தெரியாத பழைய ஸ்பீக்கர் என்றால், செற்றிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு, ஒரு 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் மட்டும் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளினால் பற்றரியின் நேர் முனை பட்ட இடம்தான் சிவப்பு.

ஒரு பக்கம் மாறி மாட்டுப்பட்டால் செற்றுக்கு ஆபத்தில்லை, ஆனால் பேஸ் காணாமல் போகும், பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் அலையும். புது ஸ்பீக்கரில் பேஸ் இல்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போகுமுன் இதைச் சரி பாருங்கள்.

முதல் வாரம் நன்றாகப் பாவியுங்கள். அலுமாரிக்குள் பூட்டி வைத்தால் பழுது தெரிய வரும்போது மாற்றும் தவணை முடிந்திருக்கும். ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம், கச்சான் காற்று புழுதியையும் வாடைக் காற்று ஈரத்தையும் உள்ளே கொண்டு வரும். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒவ்வொரு வருடமும் வயர் நுனியைக் கழற்றிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் ஒரு சென்ரிமீற்றர் வெட்டி, புதிதாக உரித்து மாட்டுங்கள். அந்த ஒரு முழம் வயர் அதற்குத்தான்.